தொண்ணூற்றொரு சதவீதக் குற்றவாளி

"இன்று முதல் இந்தக் கல்லூரியில் எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி சிந்திக்க முடியாது" என்று அசல்தன்மை உறுதிப்பாட்டு மையத்தின் இயக்குநர் அறிவித்தார். அரங்கத்தில் இருந்த நானூறு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கைதட்டினோம்.

மையம் இருந்த அறையில் அதற்கு முன்பு உடைந்த நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளை எடுத்துவிட்டு இயக்குநரைப் போட்டார்கள். அவர் அதுவரை விடுதி உணவுக் குழுவின் தலைவராக இருந்தவர். சாப்பாட்டு வரிசையில் இரண்டாவது முறை வந்து நிற்பவனைப் பின்னந்தலையை வைத்தே கண்டுபிடிப்பார் என்று பெயர். அந்தத் திறமையை இப்போது நாங்கள் எழுதும் கணினி நிரல்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

வேலையைச் செய்தது ஒரு மென்பொருள். வகுப்பில் எல்லோரும் கொடுத்த நிரல்களை அது ஒன்றோடொன்று ஒப்பிடும். நாம் வைத்த பெயர்களைத் தூக்கி எறியும், இடைவெளிகளை எறியும், விளக்கக் குறிப்புகளை எறியும். மிச்சமிருக்கும் அமைப்பை எடுத்துக்கொண்டு, இது எத்தனை சதவீதம் யாருடையதைப் போல இருக்கிறது என்று சொல்லும். அதற்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் மாமியார் என்றோம். நாம் என்ன செய்து காட்டினாலும், "இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்பதைத் தவிர அது வேறு எதுவும் சொல்லாது.

எங்கள் வகுப்பில் அறுபத்து நான்கு பேர். அறுபத்து மூன்று பேருக்கு இருபதை ஒட்டிய வயது. மீதி ஒருவர் அக்கா. முப்பத்தாறு வயது. காலையில் வகுப்பு, மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அதுவரை அவருடைய ஏழு வயது மகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, பக்கத்து வீட்டிலேயே தூங்கி, அம்மாவின் தோளில் வீடு திரும்புவாள். அதே மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பகல் வேலை ஒன்று காலியாக இருந்தது. இந்தப் பாடத்தில் தேறிய சான்றிதழை மாதம் முடிவதற்குள் கொடுத்தால் வேலை அக்காவுக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. "ராத்திரி சாப்பாட்டை என் பொண்ணோட உட்கார்ந்து சாப்பிடணும்டா, அவ்வளவுதான்" என்று ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் லட்சியம் எதுவும் அவரிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்களுக்குக் கொடுத்த வேலை இது. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் யாரை முதலில் உள்ளே கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்யும் நிரல். அவசரம் அதிகமானவர் முதலில், அவசரம் சமமாக இருந்தால் முன்னால் வந்தவர் முதலில். விரிவுரையாளர் அறுபத்திரண்டு வரியில் ஒரு டெம்ப்ளேட் எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். பட்டியலைப் படிப்பது, பெயரைத் திரையில் காட்டுவது எல்லாம் அதிலேயே இருந்தது. "இதுல கை வைக்காதீங்க. அடுத்தது யாருங்கிற பகுதியை மட்டும் நீங்க எழுதினா போதும்" என்றார்.

அக்கா கை வைக்கவில்லை. கேட்ட பகுதியைப் பதினோரு வரியில் எழுதினார். ஓட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சீனியரிடம் போனேன். அவரிடம் போன வருடத்து நிரல் ஒன்று இருந்தது. அவரே அதற்கு மேக்கப்பும் போட்டுக் கொடுப்பார். மேல் பகுதியைக் கீழே கொண்டுபோவார், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிவிட்டு எதுவும் செய்யாமல் திரும்பும் சுற்றுகளை நாலு இடத்தில் செருகுவார். பதினோரு வரியில் முடிய வேண்டியது முந்நூற்று நாற்பது வரியாகி என் கைக்கு வந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் முடிவுகளைச் சுவரில் ஒட்டினார்கள். எனக்கு ஆறு சதவீதம். இருபதுக்குக் கீழ் வந்தவர்களுக்கு 'அசல் சிந்தனையாளர்' என்று பொறித்த பேட்ஜ் கொடுத்தார்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய படம் இருந்தது. ஆளுக்கு ஒரு வட்டம், யாருடையது யாருடையதைப் போல இருக்கிறதோ அவர்களுக்கு இடையே ஒரு சிவப்புக் கோடு. நட்டநடுவில் முப்பத்தெட்டுக் கோடுகளுடன் ஒரு வட்டம். அது அக்கா. தொண்ணூற்றொரு சதவீதம். கீழே 'கும்பலின் மையப்புள்ளி' என்று எழுதியிருந்தது.

அக்கா படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இதுல பாதிப் பேரோட நான் பேசினதே இல்லையேடா."

"கும்பல்னா அப்படித்தான்க்கா. வெளியில தெரியாம இருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் அதற்குப் பிறகு அந்த நகைச்சுவையை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணைக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. துணைக்கு வருபவர் இருபது சதவீதத்துக்குக் கீழ் உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அக்காவுக்குத் தெரிந்த வட்டத்தில் அவ்வளவு யோக்கியன் நான் ஒருவன்தான். பேட்ஜைக் குத்திக்கொண்டு போனேன்.

இயக்குநர் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஓரமாக ஓர் உதவியாளர் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க. எவ்வளவு நாளா இதைப் பண்றீங்க?"

"எதை சார்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அக்கா பையிலிருந்து டெம்ப்ளேட்டின் அச்சுப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். "சார், அறுபத்திரண்டு வரி விரிவுரையாளர் குடுத்தது. மாத்தக் கூடாதுன்னார், மாத்தல. மீதிப் பதினோரு வரி நான் எழுதினது."

"மாத்தலைன்னு ஒத்துக்கிறாங்க. எழுதிக்கோ" என்றார் இயக்குநர். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

"எல்லாருக்கும் அதையேதான் சார் குடுத்தார்."

"எல்லாரும் பண்ணாங்க, நானும் பண்ணேன். இங்க வர்ற அத்தனை பேரும் இதையேதான் சொல்றாங்க. சொல்ற சாக்குலகூட சொந்தமா ஒரு வார்த்தை கிடையாது."

உதவியாளர் தொண்டையைச் செருமினார். அந்த மென்பொருளின் கையேட்டைப் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. "சார், ஓட்டறதுக்கு முன்னாடி திரையில ஒரு கட்டம் வருமே. டெம்ப்ளேட்டோட பேரை அதுல போட்டா, அந்த வரிகளை விட்டுட்டு மீதியை மட்டும் ஒப்பிடும். இது மாதிரி விஷயத்துக்குத்தான் அதை வெச்சிருக்காங்க."

திரையில் அந்தக் கட்டம் தெரிந்தது. 'ஒப்பீட்டிலிருந்து விலக்களிக்கப்படும் கோப்பு' என்று அதன் தலையில் போட்டிருந்தது. கட்டம் காலியாக இருந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் சொற்பொழிவு வரப்போகிறது என்பது விடுதியில் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும்.

"விலக்கு. இந்த வார்த்தையை நல்லாப் பாருங்க. இந்தக் கட்டத்துல பேர் எழுதறவன் யாரு? வேண்டப்பட்டவங்க இருக்கிறவன். இன்னிக்கு டெம்ப்ளேட்டுக்கு விலக்கு கேப்பாங்க, நாளைக்கு மச்சானுக்குக் கேப்பாங்க. மத்த கல்லூரிகள்ல இதை நிரப்பறாங்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வருது. முதுகெலும்பு இல்லாதவனுக்குன்னே சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு கட்டம் கட்டிக் குடுத்திருக்கான். நான் இந்த நாற்காலியில உட்கார்ந்ததுல இருந்து இதுல ஒரு எழுத்துகூட டைப் பண்ணினதில்ல. என் சொந்தப் பிள்ளையே வந்து நின்னாலும் பண்ண மாட்டேன்."

உதவியாளர் இதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு படிவம் தந்தார்கள். 'யாரிடமிருந்து எடுத்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. பொய் எழுதத் தெரியாததால் அக்கா 'விரிவுரையாளரிடமிருந்து' என்று எழுதினார். அன்று மாலையே சுவரில் இருந்த படத்தில் இன்னொரு வட்டம் முளைத்தது. விரிவுரையாளர், முப்பத்தொன்பது கோடுகளுடன்.

மறுநாள் அவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வகுப்பில் பொதுவாக ஓர் உதாரணம் காட்டினேன், கொடுத்ததாக நினைவில்லை" என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மாடிப்படிக்குக் கீழே எங்களைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தார். பிறகு அவரே நின்றார். அக்காவைவிட அவருக்கு எட்டு வயது குறைவு. பாடம் நடத்தும்போதுகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, எனக்கு அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். வீட்டுல பிரசவ நேரம். தப்பா எடுத்துக்காதீங்க."

"விடுங்க சார். நீங்க குடுத்த டெம்ப்ளேட் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. அதைக் கேட்டதும் விரிவுரையாளரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மாமியாரிடம் பட்ட அடியைவிட அது பலமாக இருந்திருக்க வேண்டும்.

மையம் கருணை காட்டியது. ஏழு நாளில் நிரலைச் 'சொந்தமாக' மாற்றி இருபது சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் மன்னிப்பு. மாணவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்க ஆய்வகத்தில் ஒரு கணினியையும் ஒதுக்கினார்கள்.

முதல் நாள் அக்கா தான் வைத்திருந்த பெயர்களையெல்லாம் மாற்றினார். தொண்ணூற்றொன்று. இரண்டாம் நாள் தன் பதினோரு வரியைப் பதினாறாக நீட்டினார். எண்பத்தாறு. மூன்றாம் நாள் டெம்ப்ளேட்டின் பகுதிகளை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்தார். எண்பத்திரண்டு. இப்படியே இறங்கினால் பொண்ணுக்குக் கல்யாணமாகும் சமயத்தில் இருபதைத் தொட்டுவிடலாம் என்றார். நான்காம் நாள் நான் சீனியரை அழைத்து வந்தேன்.

சீனியர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மேக்கப் போட்டார். மாமியாரிடம் காட்டினோம். பதினான்கு சதவீதம். திரை பச்சையாகி, 'வாழ்த்துகள், இது உங்கள் சொந்தச் சிந்தனை' என்றது.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அக்கா மட்டும், "ஒரு நிமிஷம், இதை ஓட்டிப் பார்த்துடறேன்" என்றார்.

அப்படி ஒரு யோசனை எங்கள் யாருக்கும் அதுவரை வந்ததில்லை. அக்கா மூன்று நோயாளிகளை உள்ளே கொடுத்தார். கணுக்கால் சுளுக்கு, காய்ச்சல், நெஞ்சுவலி. நிரல் கணுக்கால் சுளுக்கை முதலில் கூப்பிட்டது. பிறகு காய்ச்சல். நெஞ்சுவலிக்காரர் கடைசி.

"நெஞ்சுவலிக்காரர் மூணாவதா போறாரே தம்பி."

"போகட்டும்க்கா" என்றார் சீனியர். "இதை யாரு பார்க்கப் போறா? மாமியார் எதையும் ஓட்டிப் பார்க்காது. படிச்சு மட்டும்தான் பார்க்கும்."

"சரி பண்ணிடலாமே."

சரி செய்தோம். நெஞ்சுவலிக்காரர் முதலிடத்துக்கு வந்தார். சதவீதம் ஐம்பத்தேழுக்குப் போனது. மறுபடி மேக்கப் போட்டோம். பதினெட்டுக்கு வந்தது, நெஞ்சுவலிக்காரர் மறுபடி காத்திருந்தார். சரியாக எழுதினால் சரியாக எழுதிய மற்றவர்களைப் போல ஆகிவிடுகிறது. தப்பு மட்டும்தான் ஆளுக்கு ஒரு மாதிரி வருகிறது. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆறு சதவீதம் வாங்கிய என் நிரலை முதல் முறையாகத் திறந்து ஓட்டினேன். கணுக்கால் சுளுக்கு முதலில் போனது. பேட்ஜ் வாங்கிய இன்னும் ஒன்பது பேரிடம் அவர்களுடையதைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். எட்டில் நெஞ்சுவலிக்காரர் கடைசி. ஒன்றில் அவரைக் கூப்பிடவே இல்லை.

"பரவாயில்லக்கா, பதினெட்டைக் குடுத்துடுங்க. இது வெறும் வீட்டுப்பாடம்" என்றேன்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கவுண்டருக்கு வந்த புதுசு. ஒருத்தர் நெஞ்சுக்கிட்ட சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார். டோக்கன் வரிசைப்படி உட்காருங்கன்னு சொன்னேன். உட்கார்ந்தார்." விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "வீட்டுப்பாடம்தான். எனக்குக் கை வரலடா."

நான் மையத்துக்குப் போனேன். வீரமாகத்தான் போனேன். உதவியாளரிடம், "என்னோடது சொந்தமா எழுதினது இல்ல. சீனியரோடது. அக்காவோடதுதான் சொந்தமா எழுதினது" என்றேன்.

அவர் என் பெயரைத் தட்டிப் பார்த்தார். "உங்களுக்கு ஆறு சதவீதம்னு இருக்கே."

"நான்தான் சொல்றேனே, காப்பி அடிச்சேன்னு."

"தம்பி, நீங்க சொல்றது வாய்வார்த்தை. மெஷின் சொல்றது அறிக்கை. ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கணும்னா குறைஞ்சது நாற்பது சதவீதமாவது வேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாற்பதுக்குக் கீழ இருக்கிறவங்க காப்பி அடிச்சேன்னு சொன்னா மையத்தை அவமதிக்கிறதா அர்த்தம். அதுக்குத் தனி விசாரணை இருக்கு. பேட்ஜ் வேற குத்தியிருக்கீங்க. போயிடுங்க."

போய்விட்டேன். தனி விசாரணையைப் பற்றி அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஏழாம் நாள் அக்கா தன் பழைய நிரலையே, எழுபத்து மூன்று வரியையும் அப்படியே, மறுபடி கொடுத்தார். எட்டாம் நாள் இரண்டாவது விசாரணை. அன்று மதியமே மையத்தைப் பார்வையிட வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்ததால் அறையில் புதிய திரைச்சீலை தொங்கியது. இயக்குநரும் புதிய சட்டையில் இருந்தார்.

"ஏழு நாள் குடுத்தோம். ஒரு வரிகூட மாத்தாம வந்திருக்கீங்க."

"மாத்திப் பார்த்தேன் சார். மாத்தினா ஆள் போயிடறார்."

"யார் போறாங்க?"

"மூணாவது ஆள் சார்."

"மூணாவதா ஒரு ஆள் இதுல சம்பந்தப்பட்டிருக்கார். எழுதிக்கோ."

"சார், அது நோயாளி" என்றார் அக்கா. நிதானமாக, கவுண்டரில் வயதானவர்களுக்குப் படிவம் விளக்குவது போல விளக்கினார். மேக்கப் போட்டால் பதினெட்டு, ஆனால் தப்பு. போடாவிட்டால் தொண்ணூற்றொன்று, ஆனால் சரி. பேட்ஜ் வாங்கியவர்களின் நிரல்களை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றார்.

"ஓட்டிப் பார்க்கிறது மையத்தோட வேலை இல்ல" என்றார் இயக்குநர். "நிரல் சரியா தப்பாங்கிறது வேற துறை. அது உங்களோடதா இல்லையா, அது மட்டும்தான் எங்க கேள்வி. தப்பா இருந்தாலும் சொந்தத் தப்பா இருக்கணும்."

"அப்போ அந்தக் கட்டத்துல டெம்ப்ளேட் பேரை ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க சார். சும்மா, பார்க்கிறதுக்கு. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"அம்மா, உங்க வயசுக்கு மரியாதை குடுத்து இவ்வளவு நேரம் பேசறேன். என் கை உடைஞ்சாலும் அதுல எழுதாது."

தீர்ப்பை உதவியாளர் வாசித்தார். பாடம் ரத்து. அடுத்த வருடம் மீண்டும் எழுதலாம். தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாக இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா, "இந்த மாசம் முப்பதுக்குள்ள எதாவது வழி..." என்று ஆரம்பித்து, யாரும் நிமிராததால் நிறுத்திக்கொண்டார். இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு சின்ன மேசை இருந்தது. அங்கே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய எழுத்து எப்போதும் குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும். அன்றும் அப்படியே இருந்தது.

அப்போது ஆய்வுக் குழு வந்துவிட்டது. தலைவியாக வந்த மேடமும் அவருடன் இன்னும் இருவரும். இயக்குநர் எழுந்து நின்று மையத்தின் வரலாற்றைச் சொன்னார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சும்மா ஒண்ணை ஓட்டிக் காட்டுங்களேன். மாணவர்களோடது வேணாம், அது ரகசியம். உங்க மையத்தோட நிரல் எதாவது இருந்தா போதும்."

"தாராளமா மேடம். விசாரணைக் கடிதம் அனுப்பற நிரலை நானே உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வரியும் என்னோடது. கல்லூரியில இதுவரைக்கும் எழுதின எல்லா நிரலோடவும் ஒப்பிட்டுக் காட்டறேன்."

சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர் இன்னும் உயிர் பெறவில்லை. உதவியாளர் மேசைக்கடியில் குனிந்து கேபிளைத் தேடிக்கொண்டிருந்தார். மேடமும் மற்றவர்களும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் தன் கணினியில் பொத்தானை அழுத்தினார். பின்னாலிருந்த எங்களுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது.

தொண்ணூற்றாறு சதவீதம். கீழே சிவப்பில், எதைப் போல இருக்கிறது என்ற விவரம். நூலகத்தில் புத்தகம் திருப்பித் தராதவர்களுக்குக் கடிதம் அனுப்ப யாரோ ஒரு எழுத்தர் ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதிய நிரல்.

இயக்குநரின் கழுத்து அசையவில்லை. பிறகு திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினார். திருப்பியதில் எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. காலிக் கட்டத்தில் அம்புக்குறியை வைத்தார். ஒரே விரலால், ஒவ்வோர் எழுத்தாக, நூலக நிரலின் பெயரை எழுதினார். ஓர் எழுத்துத் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டுச் சரியாகப் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

அக்கா எழுதுவதை நிறுத்தியிருந்தார். நாற்காலி கிறீச்சிட, இயக்குநர் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கையெழுத்து போட்டாச்சுன்னா நீங்க கிளம்பலாம்மா" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

புரொஜெக்டர் எரிந்தது. சுவர் முழுக்கப் பச்சை. இரண்டு சதவீதம். மேடம் தலையசைத்தார். கூட வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். பேனாவை மூடும்போது மேடம் சுவரின் மூலையைச் சுட்டிக் காட்டினார்.

"அந்தக் கட்டம் எதுக்கு? என்னமோ எழுதியிருக்கே."

"அது வழக்கமா காலியாத்தான் இருக்கும் மேடம்" என்றார் இயக்குநர். சொல்லிக்கொண்டே அழித்துக் காலியாக்கினார்.